எக்செல் ஷீட்டில் ஒரு கால்பந்து சீசன்

தென்காசி, குற்றாலம் பக்கம் 'சீசன்' என்று சொன்னால் ஒரே அர்த்தம்தான். ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வீச ஆரம்பித்தால், ஆகஸ்ட் வரை சாரல், அருவி, கூட்டம். ஆனால் வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களின் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறொரு சீசனைப் பற்றிப் பேசுவார்கள். இன்டர் மிலன் எத்தனை பாயின்ட், சென்னையின் எப்.சி. எத்தனாவது இடம் என்று விரல் நுனியில் வைத்திருப்பார்கள்.

"கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தால் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கிறானே" என்று கவலைப்பட வேண்டாம். அதே கால்பந்தை வைத்தே எக்செல் கற்றுக் கொடுத்துவிடலாம். ஒரு லீக் சீசன் என்பது அடிப்படையில் ஒரு அட்டவணை. அட்டவணை என்றால் அது எக்செல்லின் வேலை. எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்லும் பார்முலாக்கள் இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

எந்த சீசன்?

நம் மாநிலத்து அணியின் சீசனையே எடுத்துக்கொள்வோம். இந்தியன் சூப்பர் லீக்கின் இரண்டாவது சீசன் 2015 அக்டோபர் 3 முதல் டிசம்பர் 20 வரை நடந்தது. சென்னையின் எப்.சி. அணிக்குப் பயிற்சியாளர் இத்தாலிக்காரரான மார்கோ மெட்டராசி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் தலையால் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர் இவர்தான். அதே ஆட்டத்தில் இத்தாலிக்காக கோல் அடித்தவரும் இவர்தான்.

எட்டு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற ஏழு அணிகளுடன் இரண்டு முறை மோதும். ஆக 14 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1, தோல்விக்கு எதுவும் இல்லை. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குப் போகும்.

ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

புதிய ஒர்க்ஷீட்டைத் திறந்து முதல் வரியில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ காலத்தில் அணி, பி-யில் ஆட்டம், சி-யில் வெற்றி, டி-யில் டிரா, இ-யில் தோல்வி, எப்-பில் போட்ட கோல், ஜி-யில் வாங்கிய கோல், ஹெச்-சில் கோல் வித்தியாசம், ஐ-யில் புள்ளி. (காலங்களின் பெயர்களை இங்கே தமிழில் தந்திருக்கிறோம். பார்முலாவில் அவற்றை ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும்.)

இரண்டாவது வரியிலிருந்து கீழே உள்ள விவரங்களை இதே வரிசையில் கொடுங்கள். எண்கள் முறையே வெற்றி, டிரா, தோல்வி, போட்ட கோல், வாங்கிய கோல். பி காலத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.

அட்லெட்டிகோ டி கொல்கத்தா – 7, 2, 5, 26, 17
சென்னையின் எப்.சி. – 7, 1, 6, 25, 15
டெல்லி டைனமோஸ் – 6, 4, 4, 18, 20
எப்.சி. கோவா – 7, 4, 3, 29, 20
கேரளா பிளாஸ்டர்ஸ் – 3, 4, 7, 22, 27
மும்பை சிட்டி – 4, 4, 6, 16, 26
நார்த் ஈஸ்ட் யுனைடெட் – 6, 2, 6, 18, 23
எப்.சி. புனே சிட்டி – 4, 3, 7, 17, 23

மூன்றே பார்முலா

பி2 செல்லில் =சி2+டி2+இ2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 14 என்று வரும். ஹெச்2 செல்லில் =எப்2-ஜி2. ஐ2 செல்லில் =சி2*3+டி2. பெருக்கலுக்கு நட்சத்திரக் குறியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மற்ற ஏழு அணிகளுக்கும் இதையே திரும்பத் திரும்ப டைப் செய்ய வேண்டாம். ஐ2 செல்லைக் கிளிக் செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதன் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் பாயின்டர் கூட்டல் குறியாக மாறும். பட்டனை அழுத்தியபடியே ஒன்பதாவது வரி வரை இழுத்து விடுங்கள். எக்செல் தானாகவே சி2 என்பதை சி3, சி4 என்று மாற்றிக்கொள்ளும். பி, ஹெச் காலங்களிலும் இதேபோல் செய்யுங்கள். பி காலத்தில் எட்டு அணிகளுக்கும் 14 வர வேண்டும். வராத வரியில் டைப்பிங் தவறு இருக்கிறது.

சரிபார்க்க ஒரு வழி

அட்டவணை போட்டவுடன் அதை நம்பிவிடக் கூடாது. பத்தாவது வரியைக் காலியாக விட்டு, சி11 செல்லில் சம் பார்முலாவைக் கொடுங்கள்: =சம்(சி2:சி9). பிறகு அதை ஐ11 வரை வலப்பக்கம் இழுங்கள்.

இப்போது பாருங்கள். ஒரு அணி ஜெயித்தால் இன்னொரு அணி தோற்றிருக்க வேண்டும். எனவே வெற்றிகளின் கூட்டுத்தொகையும் தோல்விகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டிலும் 44 வரும். ஒருவர் போட்ட கோல் இன்னொருவர் வாங்கிய கோல்தான். இரண்டிலும் 171 வரும். கோல் வித்தியாசங்களைக் கூட்டினால் பூஜ்யம். ஒரு எண்ணைத் தவறாக அடித்திருந்தாலும் இந்த வரி காட்டிக் கொடுத்துவிடும். கடைக் கணக்கோ, குற்றாலத்து லாட்ஜ் கணக்கோ, எதை ஷீட்டில் போட்டாலும் இப்படி ஒரு சரிபார்க்கும் வரி வைத்துக்கொள்வது நல்லது.

வரிசைப்படுத்துங்கள்

ஏ1 முதல் ஐ9 வரை செலக்ட் செய்து, டேட்டா பகுதியில் ஸார்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். முதல் வரி தலைப்பு என்பதற்கான பெட்டியில் டிக் இருக்கட்டும். முதலில் புள்ளி, அடுத்து கோல் வித்தியாசம், இரண்டிலும் பெரியதிலிருந்து சிறியது என்று தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். கூட்டுத்தொகை வரியைத் தள்ளி வைத்தது இதற்காகத்தான். இல்லாவிட்டால் அதுவும் ஒரு அணியாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கோவா 25, கொல்கத்தா 23, சென்னை 22, டெல்லி 22. சென்னை ஆறு ஆட்டங்களில் தோற்ற அணி. ஆனாலும் குறைவாக கோல் வாங்கியதும் (15), அதிக கோல் வித்தியாசம் வைத்திருப்பதும் (10) அதுதான்.

இந்த 22 புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முதல் 10 ஆட்டங்களில் சென்னை எடுத்தது வெறும் 10 புள்ளிகள். 3 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். மீதி நான்கு ஆட்டங்களிலும் வெற்றி!

அதில் ஒன்று தவறியிருந்தால்? சென்னை இருக்கும் நான்காவது வரியில் வெற்றியை 6, தோல்வியை 7 என்று மாற்றிப் பாருங்கள். புள்ளி உடனே 19 ஆகிவிடும். மறுபடி ஸார்ட் செய்தால் சென்னை ஐந்தாவது இடம். 20 புள்ளிகள் பெற்ற நார்த் ஈஸ்ட் அரையிறுதிக்குப் போய்விடும். அடியில் பாருங்கள்: வெற்றி 43, தோல்வி 45. எதிரணியின் வரியை மாற்றவில்லை என்று ஷீட் எச்சரிக்கிறது! கண்ட்ரோல் கீயுடன் இசட் தட்டிப் பழைய நிலைக்கு வந்துவிடுங்கள்.

அட்டவணைக்கு வெளியே

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதி புனேக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 12-ல் அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றாலும் மொத்தத்தில் 4-2. டிசம்பர் 20-ல் கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோல், இஞ்சுரி டைமில் மெண்டோசாவின் கோல். கோப்பை சென்னைக்கு, 3-2.

சென்னையின் மொத்த கோல்கள் 25+4+3, அதாவது 32. அதில் மெண்டோசா மட்டும் 13. ஏதாவது காலி செல்லில் =13/32 என்று கொடுத்து சதவீதக் குறி பட்டனை அழுத்துங்கள். 41% வரும்.

இத்தாலிக்கும் இதே ஷீட்

மெட்டராசி இடம்பெற்றிருந்த இன்டர் மிலன், 2009-10 சீசனில் இத்தாலி லீக்கை வென்றது. 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டங்கள். வரிகளை 21 வரை நீட்டினால் போதும், பார்முலா அதேதான். இன்டர்: 24 வெற்றி, 10 டிரா, 4 தோல்வி. ரோமா: 24, 8, 6. போட்டுப் பாருங்கள், 82-க்கு 80. வெற்றிகள் சமம். பட்டத்தைத் தீர்மானித்தவை, தோற்காமல் காப்பாற்றிய இரண்டு டிராக்கள்.

மறக்காமல் சேமியுங்கள்

சாரல் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் தட்டுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டைப் செய்த எட்டு பெயர்களில் மூன்று இன்று இல்லை. டெல்லி டைனமோஸ் 2019-ல் ஒடிசா எப்.சி. ஆனது. புனே சிட்டி அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. கொல்கத்தா அணி 2020-ல் மோகன் பகானுடன் இணைந்துவிட்டது. உங்கள் பைலில் மட்டும் அந்த சீசன் அப்படியே இருக்கும்.

அடுத்த விடுமுறையில் இலஞ்சியிலோ மேலகரத்திலோ உங்கள் பையன்கள் டோர்னமென்ட் நடத்தினால், அணிப் பெயர்களை மட்டும் மாற்றி இந்த ஷீட்டை எடுத்துக் கொடுங்கள். யார் அரையிறுதிக்குப் போவது என்ற சண்டைக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.