பெட்டிக்குள் இருந்த பணமும் கைக்கு வந்த பணமும்

இந்த மலரில் வழக்கமாகக் கல்வெட்டு, பழைய ஏடு என்று ஏதாவது எழுதுகிறவன் நான். பிழைப்புக்கு மும்பையில் பாத்திரக் கடை. இந்த முறை பென்ஷனைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு சங்கதி. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அண்ணனோ, தம்பியோ, பிள்ளையோ இங்கிலாந்தில் இருப்பதால், எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்று தோன்றியது.

என் சித்தப்பா மகன் லண்டனில் குடியேறி வெகுகாலம் ஆயிற்று. வயது 58. கிடங்கு வேலை பார்த்து, இடுப்பு வலி வந்து வேலையை விட்டான். அங்கே அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் என்ற மாத உதவியில் வாடகையும் சாப்பாடும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அவன் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வேலைக் காலத்தில் சேர்ந்த 40,000 பவுண்டு பென்ஷன் சேமிப்பிலிருந்து 10,000 பவுண்டை எடுத்து பாங்கில் போட்டான். நாலு மாதம் கழித்து போன் வந்தது. "அண்ணா, என் காசை நான் எடுத்தேன். அதுக்குப் போய் உதவியைக் குறைக்கிறாங்களே, இது என்ன நியாயம்?"

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 2015 ஏப்ரல் 6 முதல் அங்கே 55 வயது ஆனவர் தம் பென்ஷன் சேமிப்பை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். (2028 ஏப்ரல் முதல் இந்த வயது 57.) பொதுவாகக் கால் பங்குக்கு வரி இல்லை, மீதிக்கு வருமான வரி உண்டு. இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாத பக்கம் இனிமேல்தான் வருகிறது.

வசதியைப் பார்த்துத் தருகிற உதவிகளில், பென்ஷன் பெட்டிக்குள் இருக்கும் பணமும் வெளியே வந்த பணமும் ஒன்றல்ல. அரசு பென்ஷன் வயதை எட்டாதவருக்கு, பெட்டிக்குள் தொடாமல் கிடக்கும் தொகையை யுனிவர்சல் கிரெடிட் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வெளியே எடுத்த அன்றே அது அவருடைய கையிருப்பு ஆகிவிடுகிறது. நம் கடைக் கணக்கில் முதலையும் வரவையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுகிறோம் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். மொத்தமாக எடுத்தால் பொதுவாக முதல். மாதாமாதம் எடுத்தால் வருமானம். வருமானம் என்றால் ஒரு பவுண்டுக்கு ஒரு பவுண்டு உதவியில் கழிந்துவிடும்.

முதலுக்குக் கணக்கு இது. கையிருப்பு 6,000 பவுண்டு வரை தொந்தரவு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். 16,000 தாண்டினால் உதவியே கிடையாது. தம்பியிடம் முன்பே 2,000 இருந்தது. 10,000 சேர்ந்து 12,000. ஆறாயிரம் போக மீதி 6,000. அதில் 24 இருநூற்றைம்பது. ஆக மாதம் 104 பவுண்டு 40 பென்ஸ் குறைவு. அவன் உடனே தகவல் சொல்லவில்லை. நாலு மாதத்துக்கு 417 பவுண்டு 60 பென்ஸ் கூடுதலாக வாங்கியதாகி, அதைப் பிறகு வந்த உதவியில் பிடித்துக்கொண்டார்கள். நாற்பதாயிரத்தையும் ஒரேயடியாக எடுத்திருந்தால் வரியும் போய், உதவியும் அடியோடு நின்றிருக்கும்.

"அப்படின்னா இப்பவே கல்யாணத்துக்குக் கொடுத்துடறேன், கையில இருந்தாதானே கணக்கு?" என்றான். அங்கேதான் பெரிய பள்ளம். உதவி வாங்குவதற்காகவே பணத்தைக் கொடுத்தோ செலவழித்தோ தீர்த்தார் என்று அதிகாரி முடிவு செய்தால், போன பணமும் கையில் இருப்பதாகவே கணக்கு. கடன் அடைத்தாலோ, நிலைமைக்கு ஏற்ற நியாயமான சாமான் வாங்கினாலோ யுனிவர்சல் கிரெடிட்டில் அப்படிக் கருதுவதில்லை. அன்பளிப்புக்கு அந்தக் காப்பு கிடையாது. இன்னொன்று: ஊரில் பெயருக்கு இருக்கும் வீடு, மனையும் முதல் கணக்கில் வரக்கூடியவை. வெளிநாட்டில் இருப்பதால் மறைத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

அரசு பென்ஷன் வயது வந்ததும் கணக்கு மாறுகிறது. அந்த வயது 2026க்கும் 2028க்கும் இடையில் 66லிருந்து 67க்கு உயர்கிறது. அப்போது வாங்கக்கூடியது பென்ஷன் கிரெடிட். அதற்கு 16,000 என்ற மேல் வரம்பு இல்லை. முதல் 10,000 பவுண்டு தள்ளுபடி. மேலே ஒவ்வொரு 500க்கும் அல்லது அதன் பகுதிக்கும் வாரம் 1 பவுண்டு வருமானமாக வைப்பார்கள். 13,200 வைத்திருந்தால் வாரம் 7 பவுண்டு. ஆனால் இந்த வயதில் பெட்டியைத் தொடாமல் வைத்தாலும் தப்பில்லை என்று இருக்க முடியாது. அந்தத் தொகை தரக்கூடிய வருமானத்தை எடுத்ததாகவே பாவித்துக் கணக்கிடுவார்கள். பென்ஷன் கிரெடிட் சிறு தொகையானாலும் விடக்கூடாது. 75 வயதானவருக்கு இலவச டிவி லைசென்ஸ் போன்ற சலுகைகள் அதை ஒட்டியே வருகின்றன.

எல்லா உதவிக்கும் இந்தக் கணக்கு இல்லை. அரசு பென்ஷனும், ஊனத்துக்காகவும் முதுமையில் பராமரிப்புக்காகவும் தரும் பிஐபி, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்றவையும் சேமிப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே, "எனக்கு வருவது எந்த உதவி?" என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். 50 வயது கடந்தவருக்குப் பென்ஷன் வைஸ் என்ற அரசு ஆதரவு பெற்ற சேவை இலவசமாக விளக்குகிறது. உதவித்தொகை விஷயத்துக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பை அணுகலாம். பணத்தை எடுப்பதற்கு முன்பு கேட்பதில்தான் பலன்.

தம்பி கடைசியில் என்ன செய்தான்? கிரெடிட் கார்டு கடன் 3,500 பவுண்டை அடைத்து ரசீதை வைத்துக்கொண்டான், அலுவலகத்துக்கும் தெரிவித்தான். கையிருப்பு 8,500 ஆனது. மாதக் குறைவு 43 பவுண்டு 50 பென்ஸாக இறங்கியது. கல்யாணத்தில் அவன் பங்கை நாங்கள் அண்ணன் தம்பிகள் இங்கேயே பிரித்துக்கொண்டோம். தங்கைக்கு முதலில் மனவருத்தம்தான். கணக்கை எடுத்துச் சொன்னதும், "அண்ணனுக்கு இவ்வளவு கஷ்டம்னு தெரியாமப் போச்சே" என்று அழுதுவிட்டாள்.

லண்டனில் இருப்பவர் என்றால் பணக்காரர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அடுத்த முறை ஒரு கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கும் முன், எந்தப் பணத்தை எடுத்துத் தரப்போகிறார் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.