16 வயதாகியும் வயசுக்கு வரவில்லையா?

மகளுக்கு 16 முடிந்தும் வயசுக்கு வரவில்லை என்றால், சென்னை ராயபுரத்தின் கல்மண்டபம் பக்கத்து வீடுகளில் முதலில் அடுப்பேறுவது உளுந்தங்களிதான். அடுத்தது வேண்டுதல். ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவது வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு. இத்தனைக்கும் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை ராயபுரத்திலேயே இருக்கிறது.

காரணம் பிறவியிலேயே இருக்கலாம். வயிற்றிலுள்ள பெண் சிசுவுக்குக் கருப்பை முதலில் இரண்டு குழாய்கள்தான். அவை ஒட்டி, நடுச்சுவர் கரைந்து ஒரே பையாக வேண்டும். சுவர் கரையாமல் நின்றுவிடலாம். மேல்பாகம் இரண்டாகப் பிரிந்தே இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் வளரலாம். கருப்பையே உருவாகாமல் போவது எம்.ஆர்.கே.எச். குறைபாடு. சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. பெரும்பாலும் சினைப்பை நன்றாக இயங்குவதால் மார்பு வளர்ச்சியில் குறை தெரியாது, வீட்டாருக்குச் சந்தேகமும் வராது. தாய் கிரகணத்தில் வெளியே போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

15 வயதாகியும் மாதவிலக்கு வராவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்து ரத்தம் வராமலிருந்தால் தள்ளிப்போடவே கூடாது. பாதை அடைபட்டு ரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். உள்பரிசோதனைக்குப் பயந்துதான் பல தாய்மார்கள் தயங்குகிறார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுத்துத் தொடங்கலாம். சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்; இவர்களில் சிலருக்கு ஒன்றுதான் இருக்கும்.

கருப்பை இருந்தும் உருவம் மாறியவர்களின் கதை வேறு. மாதவிலக்கு ஒழுங்காக வரும், கரு அடுத்தடுத்துக் கலையும், பழி மருமகள் மேல் விழும். முப்பரிமாண ஸ்கேனில் நடுச்சுவர் தெரிந்ததுமே 'வெட்டிவிடலாம்' என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அறுவை செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குழந்தை தங்கவில்லை என்று 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று சொன்னது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இரண்டாவது மருத்துவரிடம் கேட்க அதுவே போதும். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒன்று: கருக்கலைவுக்குச் சம்பளத்துடன் 6 வாரம் விடுப்பு சட்ட உரிமை.

குழந்தை பிறக்காது என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கான காரணமே இல்லை. ஆனால் கருப்பை இல்லாததை மறைத்துக் கட்டிக்கொடுத்தால், மோசடி என்று 12-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட இடமுண்டு. மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

வாடகைத்தாய் வழியும் இருக்கிறது. வாடகைத்தாய்ச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை மருத்துவர் அருண் முத்துவேல் தொடுத்த வழக்கில், எம்.ஆர்.கே.எச். உள்ள பெண் ஒருவரும் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்குச் சினைப்பையும் இல்லை. தானமாகப் பெறும் கருமுட்டைக்கோ 2023 மார்ச்சில் விதி தடை போட்டிருந்தது. அக்டோபரில் நீதிமன்றம் அவர் அளவில் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசே விதியைத் திருத்தியது. மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தந்தால், தம்பதியில் ஒருவருடைய முட்டையோ விந்தணுவோ இருக்க, மற்றதைத் தானமாகப் பெறலாம்.

மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். வாடகைத்தாய் வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். மருத்துவச் செலவும் காப்பீடும் போகக் கூலி கிடையாது. 'சில லட்சம் கொடுங்கள், ஆள் பிடித்துத் தருகிறேன்' என்று வரும் புரோக்கருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுக்கும் தம்பதிக்கும் சிறை உண்டு.