ஆற்றைக் கடந்த வண்டி

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகாது என்பது சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. ஏன் ஆகாது, தண்ணீர் எவ்வழியாக உள்ளே புகுகிறது என்று கேட்டால், விஞ்ஞானம் பயிலும் நம்மில் பலரும் சற்றுத் தயங்குவோம். சென்ற மார்கழி வரை நானும் தயங்கியவனே. ஒரு வண்டி கெட்டு, ஒருவருடைய சம்பளத்துக்கும் ஆபத்து வந்த பிறகே அதைக் கற்றுக்கொண்டேன்.

நாம் வாழும் இந்த வடகிழக்குப் பகுதியில், அருணாசல மலைகளிலிருந்து இறங்கிப் பிரம்மபுத்திராவில் கலக்கும் ஆறுகள் பல. மழைக்காலத்தில் கடல்போல் பெருகும் அவை, குளிர்காலத்தில் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும். பாலம் இல்லாத இடங்களில் ஜீப்பு வண்டிகள் நீரில் இறங்கித்தான் மறுகரை ஏறவேண்டும். ஆற்றுநீர் மாதிரிகளைச் சேகரிக்க நாங்கள் நால்வர் அவ்வாறு சென்றோம். மலைப்பாதையில் நெடுநேரம் ஓடிவந்த வண்டியைக் கரையில் நிறுத்திய ஓட்டுநர், “எஞ்சின் ஆறட்டும், தேநீர் குடித்துவிட்டு இறங்குவோம்” என்றார். பொழுது சாய்கிறதே என்று அவசரப்படுத்தியவன் நான். வண்டி இறங்கியது, ஏறியது, ஒரு குறையும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை நடுவழியில் நின்றுவிட்டது.

பழுது பார்த்தவர் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஈரம், முனைகளில் பச்சைக் களிம்பு. ஓட்டுநர் ஆழத்தில் இறக்கிவிட்டார் என்று பேச்சு எழுந்தது. செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் வண்டியின் பக்கத்தில் உலர்ந்திருந்த சேற்றுக்கோடு முழங்காலுக்கு மேல் இல்லை. சக்கரங்கள் வாரியடித்த நீர் பெட்டியை நனைத்திருக்குமே அன்றி மூழ்கடித்திருக்க முடியாது. பெட்டியோ ஐ.பி. 67 என்னும் தரமுடையது. அதில் 6 என்பது தூசி புகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடுதி செய்யுமளவு நீர் புகாது என்பதைக் குறிக்கும். அப்படியானால் நீர் எப்படிப் புகுந்தது?

விடுதியில் நாம் அன்றாடம் காணும் காட்சி ஒன்றில் இதற்கு விடை உண்டு. சூடான சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து இறுக மூடினால், ஆறிய பிறகு மூடி திறக்க மறுக்கும். உள்ளிருக்கும் ஆவியும் காற்றும் குளிர்ந்து அழுத்தம் குறைவதால், வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. நம் பெட்டியின் கதையும் இதுவே. எஞ்சின் அருகே அதனுள் இருக்கும் காற்று 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருப்பதாகக் கொள்வோம். கெல்வின் அளவில் 353. ஆற்றுநீர் பட்டு அது 20 டிகிரிக்கு, அதாவது 293 கெல்வினுக்கு இறங்கினால், அழுத்தம் ஏறத்தாழ 6-இல் 1 பங்கு குறையும். காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயர நீருக்குச் சமம். அதில் 6-இல் 1 பங்கு சுமார் 1.7 மீட்டர். வெறுமனே நனைந்த பெட்டி, ஆளுயர நீரில் மூழ்கியதுபோல் நீரை உறிஞ்சுகிறது! ஐ.பி. 67 சோதனையிலோ நீருக்கும் பெட்டிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேற்படக் கூடாது. சூடான பெட்டி குளிர்ந்த நீரில் படும் நிலையை அச்சோதனை காட்டாது.

அப்படியாயின் அன்றே நிற்காமல் மூன்றாம் நாள் நின்றது ஏன்? தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆற்றுநீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது கடத்தும். நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். வண்டி பேட்டரியோ 12 வோல்ட். ஈரத்தின் ஊடே மின்சாரம் கசியக் கசிய, நேர்முனையிலுள்ள செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகிறது. பல சென்ஸார்கள் 5 வோல்ட்டுக்கு உட்பட்ட சிறு மின்னழுத்தத்தால் செய்தி சொல்பவை. கசிவு சிறிதானாலும் செய்தி பொய்யாகிவிடும். பொய்ச் செய்தியை நம்பும் எஞ்சின் எவ்வாறு ஓடும்?

இனிக் காக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலாவது, எஞ்சினை ஆறவிட்டு, மெதுவாக ஒரே சீராகக் கடக்கவேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

இரண்டாவது, பெட்டி மூச்சுவிட வழி வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயை உயரமான இடத்துக்குக் கொண்டுசென்றால், குளிரும்போது நீருக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு பொருத்திய பெட்டிகளும் உண்டு. எல்லா ஓட்டைகளையும் பசையால் அடைப்பது தீர்வாகாது. புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே கிடந்து அரிக்கும்.

மூன்றாவது, கனெக்டர்களின் ரப்பர் வளையங்களைத் துடைத்துச் சிலிகான் கிரீஸ் தடவவேண்டும். பயன்படாத துளைகளுக்கு அடைப்பான் இடவேண்டும்.

நான்காவது, ஒயரில் கவனம் வேண்டும். அகல்விளக்கின் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, உறை கிழிந்த ஒயரின் இழைகளுக்கிடையே நீர் ஊர்ந்து பெட்டி வரை செல்லும். ஆதலால் ஒட்டுப்போட்ட இடங்களில், சூடுபட்டால் சுருங்கி உட்புறம் பசை உருகும் குழாயைப் போடவேண்டும். ஒயர் பெட்டியில் நுழையுமுன் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறினால், வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஐந்தாவது, நீர் புகுந்தது தெரிந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். மின்சாரம் நின்றால் கசிவால் வரும் அரிப்பு நிற்கும். பிறகு தூய நீரால் சேற்றைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்த்தவேண்டும்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, சேற்றுக்கோட்டின் படத்தையும் சேர்த்து, அவசரப்படுத்தியவன் நானே என்பதையும் மறைக்காமல் துறையில் கொடுத்தேன். அதை எழுதக் கை கூசியது உண்மை. செலவு ஆராய்ச்சிப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது. ஓட்டுநரின் சம்பளம் தப்பியது.

வாயுக்களின் விதியைப் பள்ளியிலேயே படித்துத் தேர்வில் எழுதியவன் நான். அதன் பெயரைக்கூடக் கேள்விப்படாத அவரோ கரையில் வண்டியை நிறுத்தினார். நண்பர்களே, அடுத்த முறை அனுபவசாலி ஒருவர் “சற்றுப் பொறுங்கள்” என்றால், காரணம் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.