உழைக்கும் காலணி எது?

ஓட்டப் பயிற்சிக்குக் காலணி வாங்கக் கடைக்குச் செல்கிறீர்கள். கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "நல்லா உழைக்கும் தம்பி!" என்கிறார். நீங்களும் ரப்பரை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறீர்கள்.

ஆண்டுக்கு ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு இது சிறிய முடிவன்று. 'உழைக்கும்' என்பதை நகத்தால் சுரண்டிக் கண்டுபிடிக்க முடியுமா? தினமும் தார்ச் சாலையில் ஓடும் ஒரு காலணியில் எது தேய்கிறது, எது தளர்கிறது, அதை எவ்வாறு அளப்பது என்று காண்போம்.

காலணி தாங்கும் சுமை

நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது அப்படியன்று. ஒவ்வொரு அடிக்கும் இடையில் சிறிது நேரம் இரு பாதங்களும் அந்தரத்தில் இருக்கின்றன.

50 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் நிமிடத்திற்கு 160 அடிகள் வீதம் ஓடுகிறார் எனக் கொள்வோம். ஓர் அடிக்கு 0.375 வினாடி ஆகிறது. அதில் பாதம் தரையைத் தொடும் நேரம் ஏறத்தாழ 0.25 வினாடி. அவருடைய எடை 490 நியூட்டன். ஓடுபவர் வானத்திற்கு ஏறிவிடுவதும் இல்லை, பூமிக்குள் புதைந்துவிடுவதும் இல்லை. எனவே மொத்த நேரத்திற்குக் கணக்கிட்டால், தரை அவரை மேல்நோக்கித் தள்ளும் சராசரி விசை அவருடைய எடைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆனால் 0.375 வினாடிக்குரிய வேலையைத் தரை 0.25 வினாடியில் செய்து முடிக்க வேண்டியிருக்கிறதே! ஆகவே பாதம் தரையில் உள்ளபோது சராசரி விசை எடையைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 735 நியூட்டன் ஆகிறது.

இது சராசரிதான். விசை சுழியிலிருந்து ஏறி, உச்சத்தைத் தொட்டு, மீண்டும் சுழிக்கு இறங்குகிறது. அந்த உச்சம் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருப்பதை அளந்து கண்டிருக்கிறார்கள். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு மூட்டை சிமெண்டின் எடைக்குச் சமம்!

ஓர் அடிக்கு ஒரு மீட்டர் எனக் கொண்டால், ஒரு கிலோமீட்டரில் ஒவ்வொரு காலணியும் 500 முறை மிதிபடும். தினம் 5 கி.மீ. ஓடினால் 2,500 முறை. 800 கி.மீ. ஓடி முடிக்கும்போது நான்கு இலட்சம் முறை!

தேயும் ரப்பர்

காலணியில் மூன்று பகுதிகள் உள்ளன: பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் துணியாலான மேற்பாகம், மெத்தென்ற நடுச் சோல், தரையைத் தொடும் வெளிச் சோல்.

வெளிச் சோல் ரப்பரால் ஆனது. இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தகம், நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கிடையே குறுக்குப் பாலங்கள் கட்டிவிடுகிறது. இத்துடன் மிக நுண்ணிய கரித்தூளையும் சேர்த்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. லாரி டயர் கறுப்பாக இருப்பதும், பல காலணிகளின் குதிகால் பகுதியில் மட்டும் கறுப்பு ரப்பர் ஒட்டியிருப்பதும் இதனால்தான்.

ஆய்வுக்கூடங்களில் ரப்பரின் தேய்மானத்தை அளக்க ஒரு முறை உண்டு. சுழலும் உருளையொன்றில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாளைச் சுற்றி, சிறு ரப்பர்த் துண்டை 10 நியூட்டன் விசையுடன் அதன்மேல் அழுத்தி, 40 மீட்டர் தூரம் தேய்ப்பார்கள். எத்தனை கன மில்லிமீட்டர் இழப்பு என்பதே விடை. எண் சிறியதாயின் ரப்பர் உறுதியானது.

தளரும் நுரை

ரப்பரின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். நடுச் சோலின் தளர்ச்சியோ எளிதில் தெரியாது.

நடுச் சோல் பெரும்பாலும் எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக்கின் நுரை. 1970-களிலிருந்து ஓட்டக் காலணிகளில் இது இடம்பெற்று வருகிறது. இதனுள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற மூடிய அறைகள் உள்ளன, ஒவ்வொன்றிலும் சிறிது வாயு. மிதிக்கும்போது அறைச் சுவர்கள் வளைகின்றன, வாயு அமுங்குகிறது. பாதத்தை எடுத்ததும் பழைய வடிவம் திரும்புகிறது. இலட்சக்கணக்கான முறை இவ்வாறு வளைந்தால் என்ன ஆகும்? ஒரு கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்து ஒடிப்பதை நினைத்துப் பாருங்கள். அறைச் சுவர்கள் மடிந்து, கிழிந்து, நுரை தட்டையாகி இறுகிவிடுகிறது.

1985-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பல ஓட்டக் காலணிகளை எந்திரத்தின் மூலம் மிதித்துச் சோதித்தனர். 50 மைல், அதாவது சுமார் 80 கி.மீ. ஓட்டத்திற்குச் சமமான மிதிகளிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் 75 சதவீதமாகக் குறைந்தது. 400 முதல் 800 கி.மீ.க்குள் அது 60 சதவீதத்திற்கும் கீழே போயிற்று. மனிதர்கள் அணிந்து ஓடிய காலணிகளில் இழப்பு இதைவிடக் குறைவு, 800 கி.மீ. கடந்தும் ஏறத்தாழ 70 சதவீதம் எஞ்சியது. ஆய்வாளர் கண்ட இன்னொரு செய்தி நமக்கு முக்கியமானது: காலணியின் விலைக்கும் அதன் அதிர்ச்சி தாங்கும் திறனுக்கும் தொடர்பு காணப்படவில்லை!

இன்று புதிய நுரைகள் பல வந்துள்ளன. போட்டிக்கென்றே செய்த மிக இலேசான காலணிகளும் உண்டு. ஆனால் எடை குறைய வேண்டுமென்றால் நுரையின் அடர்த்தியும் ரப்பரின் பரப்பும் குறைய வேண்டும். அன்றாடப் பயிற்சிக்குச் சற்றுக் கனமான காலணியே ஏற்றது.

நீங்களே அளக்கலாம்

பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவியின் பின்முனையில் மெல்லிய கம்பி ஒன்று நீண்டு வருமல்லவா? ஆழம் அளக்க அது உதவும். புதுக் காலணியின் குதிகால் வெளி ஓரத்தில் உள்ள பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதுங்கள். நடுச் சோலின் பக்கவாட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரு மைப்புள்ளிகள் வைத்து, இடைத்தூரத்தையும் குறியுங்கள். மாதம் ஒரு முறை, காலையில் ஓடுமுன், இரண்டையும் மீண்டும் அளந்து, ஓடிய தூரத்திற்கு எதிராக வரைபடம் வரையுங்கள்.

பள்ளம் முதலில் 4 மி.மீ., 200 கி.மீ.க்குப் பின் 3.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இதே வீதத்தில் தேய்ந்தால் ரப்பர் 1,300 கி.மீ.க்கு மேல் வரும். ஆனால் நுரை அதற்கு வெகுமுன்பே தளர்ந்திருக்கும். மைப்புள்ளிகள் நெருங்கி வருகின்றனவா, நடுச் சோலின் பக்கங்களில் விழுந்த சுருக்கம் இரவு முழுவதும் ஓய்ந்த பின்னும் மறையாமல் நிற்கிறதா, மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் காலணி ஒருபுறம் சாய்கிறதா என்று கவனியுங்கள். இவற்றுடன், முன்பு இல்லாத வலி காலில் தோன்றினால், அடிரப்பர் நன்றாக இருந்தாலும் காலணியை மாற்றுவதே நலம்.

வாங்கும்போது

குதிகாலின் வெளி ஓரத்திலும் முன்பாதத்திலும் கெட்டி ரப்பர் உள்ளதா என்று பாருங்கள். நடுச் சோலைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். குழி உடனே மறைய வேண்டும். இரு கால்களிலும் அணிந்து கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். கால்விரல்களுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் இருக்க வேண்டும். பாதத்திற்குப் பொருந்தாத காலணி எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

விலையையும் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 1,800 ரூபாய்க் காலணி 300 கி.மீ. வந்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். 3,000 ரூபாய்க் காலணி 600 கி.மீ. வந்தால் 5 ரூபாய்தான். அதே 3,000 ரூபாய்க் காலணி 400 கி.மீ.யிலேயே தளர்ந்தால் ஏழரை ரூபாய்! விலைச்சீட்டில் இல்லாத இந்த எண்ணைத் தருவது உங்கள் குறிப்பேடு ஒன்றுதான். புதுக் காலணியை முதன்முதல் அணியும் நாளிலேயே அதில் தேதியையும் முதல் அளவுகளையும் எழுதத் தொடங்குங்கள்.