கமலாவிடம் கேட்கப்படும் பிறப்புச் சான்று

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸின் பெயரை ஜோ பைடன் 2020 ஆகஸ்ட் 11-ம் தேதி அறிவித்தார். மறுநாளே 'நியூஸ்வீக்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜான் ஈஸ்ட்மன் என்ற சட்டப் பேராசிரியர். கமலா பிறந்தபோது அவருடைய தாயும் தந்தையும் அமெரிக்கக் குடிமக்களாக இல்லை என்றால், அந்தப் பதவிக்கு அவருக்குத் தகுதி உண்டா என்பது கேள்வி. அதற்கு மறுநாள் அதிபர் டிரம்ப், அதை எழுதிய வழக்கறிஞர் மிகவும் தகுதியானவர் என்று சான்றிதழ் கொடுத்தார். கேள்வி கேட்டவரின் தகுதியில் அதிபருக்குச் சந்தேகமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கமலா பிறந்தது 1964 அக்டோபர் 20-ல், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் சொல்கிறது. இந்தத் திருத்தம் எப்படி வந்தது என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1857-ல் டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காக நடத்திய வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களாகவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு உள்நாட்டுப் போர் நடந்தது, அடிமை முறை ஒழிந்தது. அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியத்தான் 1868-ல் 14-வது திருத்தம் சேர்க்கப்பட்டது. சீனப் பெற்றோருக்குச் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர், சீனா போய்த் திரும்பியபோது நாட்டுக்குள் விடப்படவில்லை. அவர் வழக்காடினார். 1898-ல் உச்ச நீதிமன்றம் அவரைக் குடிமகன் என்றே அறிவித்தது. அதே சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராகப் பின்னாளில் இருந்தவர்தான் கமலா.

1898-லேயே முடிந்துபோன வழக்கு இது. ஒரு பெரிய பத்திரிகை அதைத் தூசி தட்டி எடுத்துப் பக்கத்தில் வைக்கிறது. எதிர்ப்பு வலுத்த பிறகு அதன் ஆசிரியர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், ஆனால் கட்டுரையை எடுக்கவில்லை. வெள்ளையரான ஜான் மெக்கெய்ன் பிறந்தது பனாமா கால்வாய்ப் பகுதியில். 2008-ல் அவர் அதிபர் வேட்பாளரானபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. அவருக்குத் தகுதி உண்டு என்று செனட் சபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டு முடித்துவிட்டது. அமெரிக்காவின் ஹவாயிலேயே பிறந்த ஒபாமாவோ, அதிபராகி இரண்டு ஆண்டுகள் கழித்து, 2011-ல், தம் முழுப் பிறப்புச் சான்றை நாட்டுக்குக் காட்ட வேண்டி வந்தது. அந்தச் சந்தேகத்தை ஊர் ஊராகப் பரப்பியவர்களில் முன்னால் நின்றவர் டிரம்ப்.

'தகுதி' என்ற சொல் நமக்குப் புதிதல்ல. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த நம் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் 'கோட்டாவா?' என்று கேட்கிறார்கள். வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் இந்தச் சொல்லை நடுநிலை என்ற பொருளில்தான் ஆண்டிருக்கிறார். ஒருபக்கம் சாயாமல் இருப்பதுதான் அங்கே தகுதி. அந்தப் பொருள் எங்கே போனது என்று தமிழ் படித்தவர்கள் தேடத்தான் வேண்டும்.

சரி, தகுதியையே பார்ப்போம். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம், பிறகு சட்டப் படிப்பு. 1990 முதல் அரசு வழக்கறிஞர். 2003-ல் தேர்தலில் வென்று சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞர். 2010-ல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். (அதே ஆண்டு அதே பதவிக்குக் குடியரசுக் கட்சியில் இடம் கேட்டு உட்கட்சித் தேர்தலிலேயே தோற்றவர் ஈஸ்ட்மன்.) வீட்டுக்கடனில் மக்களை ஏமாற்றிய வங்கிகள் சமரசம் பேசியபோது, கொடுக்க வந்த தொகை போதாது என்று கமலா பேச்சுவார்த்தையை விட்டு வெளியேறினார். 2012-ல் அவர் மாநிலத்துக்குச் சுமார் 1,800 கோடி டாலர் நிவாரணம் என்று உடன்பாடு வந்தது. 2017-ல் செனட்டர். 2016 தேர்தலுக்கு முன் எந்த அரசுப் பதவியும் வகிக்காதவர் டிரம்ப். இந்த இருவரில் தகுதிக் கேள்வி கமலாவை நோக்கித்தான் வந்தது.

துணை அதிபர் பதவிக்குப் பெயர்கள் பேசப்பட்டபோது, கமலாவுக்குப் பதவி ஆசை அதிகம் என்று பைடனுக்கு நெருக்கமான சிலரே முணுமுணுத்ததாகச் செய்தி வந்தது. ஃபாக்ஸ் நியூஸ் நெறியாளர் ஒருவர் அவர் பெயரைத் தப்பாக உச்சரித்தார். விருந்தினர் திருத்தியபோது, அதனால் என்ன என்ற தோரணையில் கோபித்துக்கொண்டார். பெயரைச் சரியாகச் சொல்வதும் ஒரு மரியாதை என்று அவருக்கு யார் சொல்வது?

நாம் கமலாவுக்காகப் பேசுவது மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் உறவை வைத்தல்ல. அவருடைய தாய்வழிக் குடும்பம் பிராமணக் குடும்பம். அங்கே பேனர் கட்டுகிறவர்களின் மகிழ்ச்சி அவர்களுடையது. நமக்கு நெருக்கம் ஓக்லண்டில்தான் இருக்கிறது. 1966-ல் கருஞ்சிறுத்தைகள் கட்சி அங்கேதான் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அந்தப் பெயர் நம் ஊர்ச் சுவர்கள் வரை வந்தது. அதற்கும் முன்பு, 1946-ல், கறுப்பர் தலைவர் டுபாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் கே.ஆர். நாராயணன் 1992-ல் துணைக் குடியரசுத் தலைவரானார். லண்டன் பொருளியல் பள்ளியில் படித்தவர், சீனாவிலும் அமெரிக்காவிலும் தூதர், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர், மூன்று முறை எம்.பி. இவ்வளவு இருந்தும் 1997-ல் குடியரசுத் தலைவரானபோது 'தலித்' என்ற அடைமொழியே முன்னால் நின்றது.

கமலாவைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வராவிட்டால் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் வர அவரே முன்னின்றார். ஓராண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். ஏழைத் தாய்மார்களின் தலையில் விழுந்த சட்டம் என்று கறுப்பின இயக்கத்தினரே அவரை விமர்சித்தார்கள். அவரும் பின்னர் வருத்தம் தெரிவித்தார். 2020 அக்டோபர் 7-ம் தேதி அப்போதைய துணை அதிபர் மைக் பென்ஸுடன் அவருக்கு நேரடி விவாதம் நடந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி அவரிடம் கேட்கட்டும். அவர் பதில் சொல்லியாக வேண்டும்.