காய்க்காத பனையும் காணிக்கு வேண்டும்

புளியங்கூடலிலோ வேலணையிலோ நீண்டகாலம் ஆளில்லாமல் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது, காய்க்காத பனையைத் தறித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பக்கத்துப் பனை காய்ப்பதற்கு அந்த மரமே காரணமாக இருக்கலாம்.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பனையின் பாளையில் விரல்போல நீளும் கதிர்களில் சிறு பூக்கள் விரிந்து மகரந்தத்தைத் தருகின்றன. அந்த மகரந்தத்தைக் காற்றும் தேனீ முதலான பூச்சிகளும் பெண்பனையின் பூவுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். மேலைநாட்டுப் பேரிக்காய்த் தோட்டங்களிலும் இதே தேவை உண்டு. பேரியின் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருந்தாலும், பெரும்பாலான இனங்கள் தம் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. அதனால் அங்கே இரண்டு இனங்களைக் கலந்து நடுகிறார்கள்.

பெண்பனைப் பூவின் சூலகத்தில் மூன்று சூல்கள் உள்ளன. மூன்றும் கருவுற்றால் பனம்பழத்தில் மூன்று விதை இருக்கும். குறைந்தால் இரண்டு, சிலவேளை ஒன்று. நுங்கும், பாத்தியில் புதைத்துக் கிண்டியெடுக்கும் கிழங்கும், அதிலிருந்து வரும் ஒடியலும் புழுக்கொடியலும் இந்த விதையிலிருந்தே கிடைக்கின்றன.

கள்ளோ பதநீரோ இறக்குவதற்காகச் சீவிய பாளை காய்க்காது. ஆகவே எல்லாப் பாளைகளையும் சீவாமல், ஆண்பனையில் சில பாளைகளைப் பூக்க விடுவதும், பெண்பனையில் சிலவற்றைக் காய்க்க விடுவதும் நல்லது.

போர்க்காலத்தில் எமது பனைகள் ஷெல்வீச்சில் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் குற்றிகளாகத் தறிக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபின் பல தோப்புகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. இப்போது விதை ஊன்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: வடலியைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. முதற்பாளை வரும்போதுதான் தெரியும். அதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். 2010இல் ஊன்றிய விதை இப்போதுதான் அந்த வயதை எட்டுகிறது.

இன்று தறிக்கும் ஓர் ஆண்பனைக்கு ஈடாக இன்னொன்றை நட்டாலும், அது பூப்பதற்குள் ஒரு பிள்ளை வளர்ந்து ஆளாகிவிடும். அதனால் வேலியோரத்தில் நெருக்கமாக விதை ஊன்றுங்கள். பூத்து இனம் தெரிந்தபின் ஐதாக்கலாம். அப்போதும் பெண்பனைகளுக்கு அருகே சில ஆண்பனைகளை விட்டுவையுங்கள்.