கடைசி வரிகள் போதும்! காபித் தோட்டத்து மழைக் கணக்கை நொடியில் சொல்லும் குட்டி ஸ்கிரிப்ட்

மார்ச், ஏப்ரல் வந்தாலே சேர்வராயன் மலை காபித் தோட்டக்காரர்களின் கண் வானத்தில்தான் இருக்கும். அப்போது பெய்யும் கோடை மழைதான் காபி மொட்டுகளை விரிய வைக்கிறது. நல்ல மழை பெய்தால், சுமார் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளைப் பூக்கள். மழை போதவில்லை என்றால் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் விட வேண்டும். அதனால், ‘கடைசியாக எப்போது, எவ்வளவு பெய்தது?’ என்ற கேள்வியில் அந்த ஆண்டின் மகசூலே அடங்கியிருக்கிறது.

ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் ஒரு தோட்டத்தில் தானியங்கி மழைமானி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு வரி டெக்ஸ்ட் ஃபைலில் பதிவாகிறது. ஒரு நாளைக்கு 1,440 வரிகள். ஓர் ஆண்டுக்கு 5,25,600 வரிகள். வரிக்கு 40 பைட் என்றால், ஃபைல் 21 எம்.பி. ஆகிவிடும். பழைய போனில் இதைத் திறந்தால் திரை உறைந்து நிற்கும். ஆனால், கடந்த ஒரு நாளில் பெய்ததைப் பார்க்கக் கடைசி 1,440 வரிகளே போதும். அது 58 கே.பி.கூட வராது.

எப்படி வேலை செய்கிறது?

புது வரி எப்போதும் ஃபைலின் அடியில்தான் சேரும். எனவே ஸ்கிரிப்ட் முதலில் ஃபைலின் அளவைக் கேட்கும். நேராகக் கடைசிக்குத் தாவி, 4,096 பைட் போல ஒரு துண்டை மட்டும் படிக்கும். அதில் எத்தனை வரி முடிவுகள் உள்ளன என்று எண்ணும். போதவில்லை என்றால் இன்னொரு துண்டு பின்னால் போகும். மேலே இருக்கும் லட்சக்கணக்கான வரிகளைத் தொடுவதே இல்லை.

இது புது யோசனை அல்ல. 1979-ல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ‘டெயில்’ என்ற கட்டளை இருந்தது. டெயில் என்றால் வால். எண்ணிக்கை சொல்லாவிட்டால் கடைசி 10 வரிகளைக் காட்டும். ஆண்ட்ராய்டு போனில் ‘டெர்மக்ஸ்’ ஆப் போட்டாலும் இதைப் பயன்படுத்தலாம்.

தமிழில் எழுதினால் கவனம்!

‘கனமழை’ என்று தமிழில் குறிப்பு எழுதியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. யு.டி.எஃப்-8 முறையில் ‘க’ ஒன்றுக்கே 3 பைட். நடுவில் தாவினால் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு, கட்டம் கட்டமாகத் தெரியும். துண்டின் முதல் அரைகுறை வரியை விட்டுவிட்டு, அடுத்த வரியிலிருந்து படித்தால் சரியாகிவிடும்.

முக்கியமாக, கடைசி வரியின் நேரத்தைப் பாருங்கள். இன்றைய நேரத்தோடு ‘0 மி.மீ.’ என்றிருந்தால் மழை இல்லை. அதுவே மூன்று நாளுக்கு முந்தைய நேரமாக இருந்தால், ஓய்ந்திருப்பது மழையல்ல, மழைமானி!